பல்லாங்குழியில் கொலைகாரன்

துப்பறியும் நாவலைக் கையில் எடுத்ததும் கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் நம் வயதுக்காரர்களில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள், வெட்கப்பட வேண்டாம். பல் போய், பாதிப் பார்வையும் போன பிறகு இனி யார் நம்மைக் கோபிக்கப் போகிறார்கள்? முதல் கை என்னுடையது. பத்து வயதில் பிடித்த பழக்கம் அது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு குற்றம் நடந்தது, ஒரு பொய் வாக்குமூலம் நடந்தது, ஒரு நல்ல கைக்குச் சுளுக்கும் வந்தது. எல்லாம் ஒரே கோடை விடுமுறையில்.

மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்கார மாமி. கீழே முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் தபால் மாமி. அவர் கணவருக்குத் தபாலாபீஸில் வேலை, அதனால் அந்தப் பெயர். எங்கள் பகுதியில் அப்பா, அம்மா, நான், சித்தப்பா. அந்த வருஷம் தை மாதம் கல்யாணமாகி வந்த சித்தி. சித்திக்குப் பதினேழு வயதுதான். பச்சைக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு, நடக்கிற சத்தம் கேட்காமல் நடப்பாள்.

சித்தப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. லஸ் முனையில் ட்ராம் ஏறிப் போவார், வரும்போது கையில் ஒரு துப்பறியும் நாவல் இருக்கும். கூட வேலை பார்க்கிறவர்கள் மாதா மாதம் வாங்கிப் படித்துக் கை மாற்றிவிடுவார்கள். மட்டமான காகிதம், அட்டையில் துப்பாக்கியோடு ஒரு தொப்பிக்காரன். பத்துப் பேர் கைப்பட்டு ஓரமெல்லாம் மிளகாய்ப்பொடி நிறத்துக்கு வந்திருக்கும். ஆண்கள் அதைப் படித்துவிட்டு, “பொழுதுபோகாத கழுதைகள் படிக்கிறது” என்று சொல்லிவிட்டு அடுத்ததைக் கேட்பார்கள்.

அதை நன்றாக அனுபவித்தவர்கள் என்னவோ பெண்கள்தான். பகல் சாப்பாடு முடிந்து, பாத்திரம் ஒழித்துப் போட்டு, மூன்று மணிக் காப்பி வரைக்கும் ஒரு இடைவெளி உண்டல்லவா, அப்போது கொல்லைக் கதவை ஒட்டிய தாழ்வாரத்தில் எல்லோரும் கூடுவார்கள். நான் உரக்கப் படிப்பேன். எனக்குக் கணீரென்று குரல். எழுத்துத் தெரிந்தவர்கள் மூன்று பேர் அங்கேயே இருந்தாலும், தனியாகப் படித்தால் ருசி இல்லை என்பது வீட்டுக்கார மாமியின் சட்டம்.

எந்த ஊரிலும் நான் அப்புறம் பார்க்காத ஒரு வழக்கம் எங்களிடம் இருந்தது. நடுவில் வீட்டுக்கார மாமியின் பல்லாங்குழிப் பலகையை விரிப்போம். பலா மரம், இரண்டு பக்கமும் ஏழு ஏழு குழி, மடக்கினால் மீன் மாதிரி இருக்கும். கதையில் ஒவ்வொரு ஆளும் வர வர ஒரு குழி ஒதுக்குவோம். டாக்டர் குழியில் ஓமம், வக்கீல் குழியில் மிளகு, ஜமீன்தார் குழியில் ஏலக்காய், சமையல்காரன் குழியில் ஒரு கல் உப்பு. அழகான பெண் வந்தால் குழியில் குங்குமப் பொட்டு. கேட்கிறவர்கள் தங்கள் சந்தேகம் யார் மேலோ அந்தக் குழியில் தங்கள் காயைப் போட வேண்டும். வீட்டுக்கார மாமிக்குச் சோழி, அம்மாவுக்குப் புளியங்கொட்டை, தபால் மாமிக்குக் கோட்டுப் பித்தான், சித்திக்கு உடைந்த பச்சை வளையல் துண்டு. பாதிக் கதை வரைக்கும் மாற்றிப் போடலாம். பாதி தாண்டியதும் வீட்டுக்கார மாமி, “கதவு சாத்தியாச்சு” என்பார். அப்புறம் யாரும் தொடக்கூடாது. ஜெயித்தவளுக்கு முதல் டிகாக்‌ஷன் காப்பி.

என்ன சண்டை, என்ன வாதம்! தபால் மாமி எப்போதும் அழகான பெண் மேல்தான் சந்தேகப்படுவார்.

“மை இட்டுண்டு ஜன்னலண்ட நிக்கறாளே, அவளுக்கென்ன வேலை அங்கே?”

“உனக்கு அழகா இருந்தாலே ஆகாதுடி. நான் சொல்றேன், சமையல்காரன்தான்,” என்பார் வீட்டுக்கார மாமி. ஏனோ ஆயுள் முழுக்க சமையல்காரர்களை அவர் நம்பியதில்லை.

நாவலுக்குத் தரம் சொல்கிற விதமும் தனி. பக்கத்து வீட்டு மாமி சுவருக்கு மேலே தலையை நீட்டி, “எப்படி இருந்தது?” என்று கேட்பார். “பருப்பு தீஞ்சுடுத்து” என்று அம்மா சொன்னால் அதைவிடப் பெரிய சிபாரிசு கிடையாது. “தூக்கம் நன்னா வந்தது” என்றால் அந்தப் புத்தகம் சுவர் தாண்டாது. பருப்பு தீய்ந்த நாவல் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, அந்தச் சந்தின் கடைசி வீடு வரை போய், அட்டை இல்லாமல் திரும்பி வந்ததுண்டு.

இன்னொருத்தியும் கேட்பாள். காலையில் அடையாற்றுப் பக்கத்திலிருந்து கூடையோடு வந்து கீரை விற்றுவிட்டு, வெயிலுக்கு எங்கள் கொல்லைக் கதவுக்கு வெளியே உட்காருகிற கீரைக்காரம்மா. அவள் வாசற்படிக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அவளுக்கும் ஒரு காய் உண்டு, கிள்ளிய கீரைத்தண்டு. அதை அவள் தரையில் வைப்பாள், நான் எடுத்துக் குழியில் போடுவேன். பலகையை அவள் தொடக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அன்று எனக்கு அது உறைக்கவில்லை. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என் குற்றத்துக்கு வருகிறேன். புத்தகம் எங்கள் பகுதியில், அரிசி மூட்டை அடுக்கிய அறையில், சுவர் மாடத்தில் இருக்கும். காலையில் அம்மாவும் சித்தியும் சமையலில் இருக்கும்போது நான் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் படித்துவிடுவேன். தவிட்டு வாசனையும் கொலைகாரன் பெயரும் எனக்கு ஒன்றாகவே நினைவில் நிற்கின்றன. மத்தியானம் ஒன்றும் தெரியாதவள் மாதிரி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன். எல்லோரும் தப்புத் தப்பாகக் காய் போடும்போது எனக்கு உள்ளுக்குள் வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? லட்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல் இருக்கும்.

ஆனால் சித்தி மட்டும் தப்பாகப் போடவில்லை. முதல் நாவலில் அவள் காய் டாக்டர் குழியில் விழுந்தது, டாக்டர்தான் கொலைகாரன். இரண்டாவதில் யாருமே கண்டுகொள்ளாத ஸ்டேஷன் மாஸ்டர், அதுவும் சரி. மூன்றாவதில் கதையில் இரண்டே தடவை வருகிற பாட்டு வாத்தியார். கதவு சாத்துவதற்கு ஒரு பக்கம் முன்னால் சித்தி வளையல் துண்டை மிளகுக் குழியிலிருந்து எடுத்து வாத்தியார் குழியில் போட்டாள். இவளுக்கு எப்படித் தெரியும்?

புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்க முடியாது. அது எனக்கு நிச்சயம், ஏனென்றால் சித்திக்குப் படிக்கத் தெரியாது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். பங்குனியில் அவள் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தபோது, “நீ படியேன், உன் குரல்ல கேக்க நன்னா இருக்கு,” என்று என்னிடம் நீட்டினாள். இரண்டாவது கடிதத்துக்கும் அதையே சொன்னாள். மூன்றாவதில் நான் வேண்டுமென்றே ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தேன், அவளுக்குத் தெரியவில்லை. “சித்தி, உனக்குப் படிக்க வராதா?” என்று கேட்டேவிட்டேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

“சித்தப்பாகிட்ட சொல்லிடாதேடி. எட்டாவது படிச்சிருக்கான்னு எங்கப்பா சொல்லித்தான் கல்யாணம் பண்ணினா. தெரிஞ்சா என்னைப் பொறந்தாத்துக்கு அனுப்பிச்சுடுவா.”

படித்த பெண் வேண்டும் என்று சித்தப்பா இரண்டு ஜாதகத்தைத் தள்ளியவர். மாம்பலத்தில் புதிதாக மனை போடுகிறார்கள், அங்கே வீடு கட்டிக்கொண்டு போய், சாயங்காலம் மனைவி பேப்பர் படித்துச் சொல்ல, தான் சாய்வு நாற்காலியில் கேட்க வேண்டும் என்பது அவர் கனவு. சத்தியம் செய்து கொடுத்தேன். பத்து வயதில் ஒரு பெரியவளின் ரகசியம் கையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தரையில் கால் பாவவில்லை எனக்கு.

பாட்டு வாத்தியார் பிடிபட்ட அன்று வீட்டுக்கார மாமி பலகையைப் படாரென்று மடக்கினார்.

“மூணு தடவை. ஒண்ணு ரெண்டுன்னா அதிர்ஷ்டம். மூணுன்னா திருட்டு. புஸ்தகம் உங்காத்துலதானே இருக்கு? கடைசி அத்தியாயத்தை யாரோ முன்னாடியே படிச்சிருக்கா.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை, சித்தியைப் பார்த்தாள். எல்லோரும் சித்தியைத்தான் பார்த்தார்கள். பலகையிலிருந்து சிதறிய வளையல் துண்டைச் சித்தி குனிந்து எடுத்தாள். பிறகு நிமிர்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்:

“ஆமாம், கடைசி அத்தியாயத்தை நான்தான் படிச்சேன்.”

செய்தது நான், ஒப்புக்கொண்டது அவள். எந்த நாவலிலும் இப்படி நான் படித்ததில்லை. ஏன் என்று புரிய எனக்கு அன்று முழுக்க ஆனது. படித்தேன் என்று சொன்னால் கள்ளாட்டக்காரி என்ற பெயர்தான் வரும். ஆனால் படிக்கத் தெரிந்தவள் என்ற பெயரும் கூடவே வருமே! அத்தனை பேர் முன்னால், கேட்காமலே கிடைத்த நற்சாட்சிப் பத்திரம். எது பெரிய அவமானம் என்று ஒரு நிமிஷத்தில் எடை போட்டுப் பார்த்திருக்கிறாள் அந்தப் பதினேழு வயதுப் பெண்.

தண்டனை உடனே கிடைத்தது. இனி அவள் ஆட்டத்தில் கிடையாது, மத்தியானம் சமையலறையில் இருந்து காப்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் சித்தப்பா வந்ததும் வீட்டுக்கார மாமி மாடிப்படியில் நின்றே புகார் சொன்னார். சித்தப்பா வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்.

“முழுப் புஸ்தகத்தையும் அதுக்குள்ள படிச்சுட்டாளா? என்கிட்ட சொல்லவே இல்லையே!”

மறுநாள் ஒரு பவுண்டன் பேனா வாங்கி வந்தார். கறுப்பு உடம்பு, தங்க நிற முள். “இனிமே உங்கப்பாவுக்கு நீயே லெட்டர் எழுது. ஞாயித்துக்கிழமை எழுது, நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்,” என்றார். சித்தி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தேளை வாங்குகிற மாதிரி இருந்தது எனக்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது.

இதற்கு நடுவில் புது நாவல் வந்தது. வீட்டுக்கார மாமி மூட்டை தைக்கிற கோணி ஊசியும் சணல் நூலும் கொண்டுவந்து, கடைசி அத்தியாயம் முழுவதையும் மூன்று பக்கமும் தைத்துவிட்டார். “இப்போ எந்தத் திருடி படிக்கறான்னு பாக்கறேன்,” என்றார். அன்றைக்கு நானும் மற்றவர்களைப் போல ஒன்றும் தெரியாமல் படித்தேன். சித்தி சமையலறையில் டம்ளரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பலகையில் பச்சை வளையல் இல்லை.

கதையில் பெரிய ஜமீன்தார் ஒருவர் விஷம் வைத்துக் கொல்லப்படுகிறார். சோழி சமையல்காரன் குழியில், பித்தான் குங்குமக் குழியில், புளியங்கொட்டை வக்கீல் குழியில். ஜமீன்தாரின் மருமான் அழுதுகொண்டே இன்ஸ்பெக்டரிடம், தான் அன்று ராத்திரி எட்டு மணிக்கு அத்தை வீட்டில் முருங்கைக்கீரைப் பொரியலோடு சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிவிட்டதாகச் சொல்கிறான். நான் அடுத்த வரிக்குப் போகுமுன் கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

“இரு பாப்பா. இன்னா சொன்னான் அவன்? ராவுல கீரை துன்னானாமா?”

“ஆமா.”

“ராவுல எவன்மா கீரை துன்னுவான்? இருவது வர்சமா கீரை விக்கிறேன், பொயுது சாஞ்சா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. பொய் சொல்றான் அவன். போடு என் தண்ட அவன் குழில.”

“கதைன்னா எழுதறவா எதையாவது எழுதுவா. அதுக்கெல்லாம் அர்த்தம் பாப்பாளா?” என்றார் வீட்டுக்கார மாமி. கதவு சாத்தியாயிற்று.

தையலைப் பிரித்தோம். மருமான்தான் கொலைகாரன்! தபால் மாமி பித்தானைத் தூக்கி எறிந்தார். ஆனால் கேளுங்கள், கீரையைப் பற்றிக் கடைசியில் ஒரு வார்த்தை இல்லை. சட்டைக் கையில் ஒட்டிய மையை வைத்து அவனைப் பிடித்ததாக எழுதியிருந்தது. எழுதினவருக்கே தெரியாத தடயத்தை ஒரு கீரைக்காரம்மா பிடித்துவிட்டாள்.

முதல் டிகாக்‌ஷன் காப்பியை சித்தி கொண்டுவந்து வைத்தாள். கீரைக்காரம்மா அதை எடுக்காமல் சித்தியின் முகத்தையே பார்த்தாள்.

“நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. இந்த அம்மா எதியும் படிக்கல. படிச்சது பாப்பா. காலீல நான் வர்சொல்ல தெனம் பாக்கறேன், ஜன்னல்ல தெரியும், அரிசி மூட்டை பின்னாடி குந்திக்கினு கடைசிலேந்து படிச்சிக்கினு கீது.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பொய் சொல்ல நினைத்தேன், சொல்ல வரவில்லை. “நான்தான். மூணு புஸ்தகமும்,” என்று அழுதேவிட்டேன்.

“அடிப் பாவி,” என்றாள் அம்மா.

வீட்டுக்கார மாமி சித்தியிடம் திரும்பினார். “அப்போ நீ ஏண்டி ஒத்துண்டே?”

சித்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். மாமிக்குக் கோபம் போய் இப்போது ஆர்வம் வந்துவிட்டது. “சரி, போறது. இந்தத் திருட்டுக் கொழந்தை இனிமே படிக்க வேண்டாம். எட்டாவது படிச்சவ நீ, நீயே படி,” என்று என் மடியிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார். நான் செய்த குற்றம் சுற்றிச் சுற்றி அங்கேதான் கொண்டுபோய் அவளை நிறுத்தியது. ஓடிப்போய் அந்தப் புத்தகத்தைக் கிணற்றில் போட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

சித்தி புத்தகத்தைத் திறந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மூடி, பலகை மேல் வைத்தாள்.

“எனக்கு ஒரு எழுத்துக் கூடத் தெரியாது மாமி.”

முதலில் சிரித்தது தபால் மாமி. “எழுத்தே தெரியாதவ கடைசி அத்தியாயத்தைப் படிச்சாளாம், நாமளும் உக்காந்துண்டு தீர்ப்புச் சொன்னோமே, நம்மளை என்ன சொல்றது!” அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்கார மாமி மட்டும் சிரிக்காமல் கேட்டார்:

“அப்போ எப்படிடி கண்டுபிடிச்சே?”

“கதையைக் கேக்கலை மாமி, இவளைத்தான் கேட்டேன். கொலைகாரன் பேர் வர்றச்சே மட்டும் இவ எச்சில் முழுங்குவா.”

அன்றைக்கு அந்தத் தாழ்வாரத்தில் எழுந்த சிரிப்பைக் கேட்டு பக்கத்து வீட்டு மாமி சுவர் மேல் ஏறாத குறை. ஆனால் சித்தி சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து பேனாவை எடுத்துக் காட்டி, ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னாள். சொல்லும்போதே கண்ணீர் கொட்டியது.

இத்தனை நாள் சமையல்காரர்களைத் தப்பாகச் சந்தேகித்த மூளை அப்போதுதான் உருப்படியாக வேலை செய்தது. வீட்டுக்கார மாமி சித்தியின் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“கை சுளுக்கிண்டிருக்கு. மணிக்கட்டு. நன்னா வீங்கியிருக்கு. ஒரு மாசம் பேனா பிடிக்கக் கூடாது.”

“வீங்கலையே மாமி,” என்றேன் நான்.

“வீங்கும், பேசாம இரு.”

மஞ்சளையும் புளியையும் கொதிக்கவைத்துக் குழைத்து, சூட்டோடு மணிக்கட்டில் பத்துப் போட்டு, பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினார்கள். சித்தப்பா வந்து பார்த்துப் பதறிப்போனார். மூன்று பெண்களும் ஆளுக்கொரு விதமாகக் கிணற்றடியில் அவள் வழுக்கியதை விவரித்தார்கள். ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் சொன்னதோடு ஒட்டவில்லை. இத்தனை துப்பறியும் நாவல் படித்த மனிதர், ஒரு கேள்வி கேட்கவில்லை.

எனக்குத் தண்டனை, தினமும் சித்தப்பா ட்ராம் ஏறியதும் கட்டை அவிழ்த்து, அந்த மஞ்சள் பிடித்த கைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பாடப் புத்தகம் வேறு ஏது, நாவல்தான். ‘கொ’வும் ‘லை’யும் சித்தி ‘அம்மா’வுக்கு முன்பே கற்றுக்கொண்டாள். கீரைக்காரம்மாவையும் கூப்பிட்டேன். “கூவ வாய் கீது, கேக்க காது கீது, எனுக்கு எதுக்கு பாப்பா?” என்று சிரித்துவிட்டாள். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கலாம். பலகைக்குப் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லியும் கூப்பிட்டிருக்கலாம். வழக்கைத் தீர்த்துவைத்தவள் கடைசி வரை படிக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாவது வாரம் கட்டை அவிழ்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சித்தி கோணல் கோணலாக நாலு வரி எழுதினாள். “சுளுக்கு விட்ட கை, பாவம்,” என்றார் சித்தப்பா.

அந்தப் பலகை பிற்பாடு யார் பங்குக்குப் போயிற்றோ தெரியவில்லை. வளையல் துண்டை நான் வெகுநாள் ஜாமெட்ரி பெட்டியில் வைத்திருந்து தொலைத்தேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து எனக்கு டைபாய்டு வந்தது. சித்தப்பா மாம்பலத்தில் வீடு கட்டிப் போயிருந்தார். காற்றோட்டமான இடம் என்று என்னை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். கண்ணை வருத்தக்கூடாது, புத்தகத்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. எனக்கு ஜுரத்தைவிட அதுதான் கொடுமையாக இருந்தது. சித்தி கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, புத்தம்புது துப்பறியும் நாவலைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். என்ன வேகம், என்ன ஏற்ற இறக்கம்! கூடத்தில் சித்தப்பா யாரோ நண்பரிடம், “எங்காத்துல அந்தக் காலத்துலயே நாவல் படிக்கறவ,” என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது அத்தியாயத்தில் ஓவர்சியர் ஒருவர் வந்தார். சாது. குடையோடு வந்து, மழை வருமா என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். அவர் பெயரைப் படித்த இடத்தில் சித்தி எச்சில் விழுங்கினாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டே, “என் காயை ஓவர்சியர் குழியில போடு சித்தி,” என்றேன்.

படிப்பது நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தேன். காது வரைக்கும் சிவந்துபோய், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கூடத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து சொன்னாள்:

“ஆமாம், கடைசி அத்தியாயத்தை நான்தான் படிச்சேன்.”